பால்குடம் தூக்கிய கழுத்து

அன்று ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை.

கிள்ளான் நீதிமன்றத்தின் மாடியில் நாற்காலிகள் எல்லாம் நிரம்பியிருந்தன. தனலெட்சுமி சுவரோரம் நின்றாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது கழுத்தில் பிடிக்கும். அதற்கு நிற்பதே மேல்.

“அந்தப் பட்டைய மாட்டிக்கிட்டு வந்திருக்கலாம்லா, அண்ணி,” என்றாள் லோகேஸ்வரி.

லோகேஸ்வரி, தனலெட்சுமியின் கணவர் ஜெயராஜின் தங்கை. ஜெயராஜ் போன பிறகு பண்டமாரான் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

“கழுத்துப் பட்டையா? அதக் கழட்டி எவ்வளவோ நாளாச்சு. டாக்டரே வேணாம்னுட்டாரு.”

“டாக்டர் ஆயிரம் சொல்வாரு. ஜட்ஜுக்கு யார் சொல்றது? இப்ப நீங்க நிக்கறதப் பாத்தா நிச்சயதார்த்தத்துக்கு வந்த மாதிரி இருக்கு.”

“இந்தச் சேலைய எடுத்துக் குடுத்தது யாரு?”

“நான்தான். வெள்ளிக்கிழமையாச்சேன்னு குடுத்தேன். கேஸு ஞாபகமே வரல.”

வழக்கறிஞர் கௌசலா கோப்புகளை மார்போடு அணைத்தபடி வந்தாள். பிரிக்பீல்ட்ஸில் அவள் அலுவலகம். தனலெட்சுமி ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த கடைக்கு நேர் மேல்மாடி. கௌசலாவின் திருமண ரவிக்கை தனலெட்சுமி தைத்தது. விபத்துக்கு முன் அவள் தைத்த கடைசி ரவிக்கைகளில் ஒன்று.

“ஆன்டி, மறுபடி சொல்றேன். லோரி பின்னால வந்து மோதினது தப்புன்னு அவங்க ஒத்துக்கிட்டாங்க. அதுல சண்டை இல்ல. உங்களுக்கு எவ்வளவு வலி, இன்னும் வலிக்குதா, இதான் சண்டை. அவங்க டாக்டர் எல்லாம் ஆறிடுச்சுன்னு எழுதியிருக்காரு. நம்ம டாக்டர் ஆறல, ஆபரேஷன் வேணும்னு எழுதியிருக்காரு. ஜட்ஜ் உங்களப் பாத்துதான் நம்பணும். கூட்டியும் சொல்லாதீங்க, கொறைச்சும் சொல்லாதீங்க.”

“வலிய எப்படி மிஸ் கூட்டறது? அது என்ன, பாயசமா?” என்றாள் லோகேஸ்வரி.

கௌசலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அப்புறம் அண்ணி,” லோகேஸ்வரி காதருகே வந்தாள். “உள்ள போனா கை ரெண்டையும் கீழயே வச்சுக்குங்க. மூக்கத் தொட்டுடாதீங்க.”

பொய் சொல்லும்போது தனலெட்சுமி மூக்கைத் தொடுவாள். அதைக் கண்டுபிடித்தது ஜெயராஜ். கல்யாணமான புதிது. மாமியார் வைத்த மீன் குழம்பு எப்படி என்று கேட்டார். நல்லாருக்கு என்றாள், மூக்கைத் தொட்டுக்கொண்டே. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளால் ஒரு பொய்யும் சொல்ல முடியவில்லை. ‘தனா மூக்கத் தொட்டுட்டா’ என்று ஜெயராஜ் கை தட்டுவார். லோகேஸ்வரிக்கு அப்போது பதினான்கு வயதிருக்கும். அவளும் சேர்ந்து தட்டுவாள்.

*

ஜெயராஜ் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டினார். அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் துறைமுகச் சாலையில்தான், ஞாயிற்றுக்கிழமைகளில், லோரிகள் இல்லாத நேரமாகப் பார்த்து. சின்ன நீலக் கன்சில் கார். கடல் காற்றில் பாமாயில் வாடை வரும்.

“முன்னால எல்லாவனும் பாப்பான். நீ பின்னால எவன் வரான்னு பாரு,” என்பார். அவள் கண்ணாடியைப் பார்த்தே ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் வேலை இல்லையென்றால் அவரே காரை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வருவார். மோனோரயில் தூண்களுக்குக் கீழே நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அவள் கதவைத் திறந்தால் வாழைக்காய் பஜ்ஜியின் சூடு முகத்தில் அடிக்கும். பாதியை அவரே தின்று முடித்திருப்பார். மிச்சத்தை அவள் மடியில் வைத்துக்கொண்டு ஃபெடரல் சாலை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து வருவார்கள். அந்த நெரிசல் இன்னும் கொஞ்சம் நீளக்கூடாதா என்றிருக்கும்.

அதே சாலையில்தான் லோரி மோதியது. ஜெயராஜ் மாரடைப்பில் போய் இரண்டாவது வருடம். மழை. வண்டிகள் நின்றுவிட்டன, அவளும் நின்றாள். கண்ணாடியைப் பார்த்தாள். கல் ஏற்றிய லோரி ஒன்று வந்துகொண்டிருந்தது. அது நிற்காது என்று தெரிந்தது. முன்னால் கார், இரண்டு பக்கமும் கார். போக இடமில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காரின் பின்பாதி முழுக்க நசுங்கியது. அவளுக்குக் கழுத்தில் ஒரு வட்டு நகர்ந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் மரத்துவிட்டன. ஊசியில் நூல் கோக்கலாம். குனிந்து தைக்க முடியாது. கடைக்காரர் அவளுடைய இயந்திரத்தை ஓரமாகத் தள்ளித் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். வேறு ஆளுக்குக் கொடுக்கவில்லை. எத்தனை நாளைக்குக் கொடுக்காமல் இருப்பார்?

காருக்கு உண்டான இழப்பீட்டை முதலிலேயே பேசி முடித்துவிட்டார்கள். பழைய கார், பழைய விலை. காரின் பின்பெட்டியில் ஜெயராஜின் கட்டம் போட்ட துண்டு ஒன்று இருந்தது. அது காரோடு பழைய இரும்புக் கடைக்குப் போனது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

*

சாட்சிக் கூண்டில் ஒரு மரக்கம்பி இருந்தது. அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

நீதிபதி ஒரு மலாய்ப் பெண்மணி. சாம்பல் நிற முக்காடு, மூக்குக்கண்ணாடி. நீங்கள் விரும்பினால் உட்காரலாம் என்றார். மொழிபெயர்ப்பாளர் சுகுமாறன் அதைத் தமிழில் சொன்னார். ஐம்பது வயதைத் தாண்டியவர், நெற்றியில் மெல்லிய திருநீறு. தனலெட்சுமிக்கு மலாய் புரியும். ஆனாலும் தமிழில் கேட்டுத் தமிழில் சொல்வதுதான் நல்லது என்று கௌசலா சொல்லியிருந்தாள்.

லோரிக் கம்பெனிக்காக வந்த வழக்கறிஞர் கிரிதரன். இளைஞன். கறுப்புக் கோட்டின் கைக்குள்ளிருந்து சிவப்புக் கயிறு எட்டிப் பார்த்தது. ஏதோ கோயில் கயிறு. அவனும் தமிழன், மொழிபெயர்ப்பாளரும் தமிழர், அவளும் தமிழச்சி. ஆனால் கேள்வி மலாயில் கிளம்பி, சுகுமாறன் வாயில் தமிழாகி, அவளிடம் வந்து, திரும்ப மலாயாகிப் போனது.

வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்டான். நாத்தனார் என்றாள். துணி துவைப்பது? நாத்தனார். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போவது? நாத்தனார். பின்வரிசையில் லோகேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“தலையில் பாரம் தூக்குவீர்களா?”

“இல்லை.”

“விபத்துக்குப் பிறகு ஒருமுறைகூட இல்லையா?”

கிரிதரன் மடிக்கணினியை நீதிபதியின் பக்கம் திருப்பினான். கௌசலா எழுந்துவிட்டாள். இது எங்களுக்கு முன்கூட்டியே தரப்படவில்லை என்றாள். எல்லோரும் பார்க்கப் பொதுவில் இருப்பதுதான் என்றான் கிரிதரன். முதலில் என்ன என்று பார்ப்போம் என்றார் நீதிபதி.

உறுமி மேளம் நீதிமன்றத்துக்குள் கேட்டது.

பண்டமாரான் சாலை. போன வருடத்து ஆடிப்பூரம். மஞ்சள் சேலையில் தனலெட்சுமி வெறுங்காலோடு நடக்கிறாள். தலையில் வேப்பிலை கட்டிய பால்குடம். இரண்டு கைகளாலும் அதைப் பிடித்திருக்கிறாள். கண்ணீர் வழிகிறது. பக்கத்தில் லோகேஸ்வரியின் குரல் மட்டும்: “ஓம் சக்தி! வழி விடுங்க, வழி விடுங்க!”

“காணொளிக்குக் கீழே எழுதியிருப்பதை மொழிபெயர்ப்பாளர் வாசிக்கட்டும்,” என்றான் கிரிதரன்.

சுகுமாறன் தொண்டையைச் செருமினார். தமிழில் வாசித்தார். “லோரி மோதிய கழுத்தில் பால்குடம். அம்மன் அருளால் எங்கள் அண்ணிக்குப் பூரண குணம்.” பிறகு மலாயில் சொன்னார். மலாயில் அது இன்னும் முடிந்துபோனதாகக் கேட்டது.

“கழுத்து ஆறிவிட்டது. அதனால்தான் தூக்க முடிந்தது. சரிதானே?”

கௌசலா மறுபடியும் எழுந்தாள். காணொளியைப் பார்க்க கௌசலாவுக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று நீதிபதி இடைவேளை விட்டார்.

*

“யார் போட்டது இத?” வெளியே வந்ததும் கௌசலா கேட்டாள். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“நான்தான் மிஸ்,” என்றாள் லோகேஸ்வரி. “ஃபேஸ்புக்ல. எல்லாரும் நல்லாருக்குன்னு போட்டிருந்தாங்க. கேரி தீவுல இருக்கற சித்தப்பாகூட கூப்பிட்டுப் பேசுனாரு.”

“கழுத்துல அடிபட்டவங்க தலையில ஏன் குடத்த வச்சீங்க?”

“வேண்டுதல் மிஸ். ஆஸ்பத்திரியில கண்ணு தொறக்காம கிடந்தாங்க. அண்ணனும் இல்ல, இவங்களும் போய்ட்டா எனக்கு யாரு? எழுந்து நடக்கவச்சுடு ஆத்தா, அதே தலையில உனக்குப் பால் கொண்டாரேன்னு வேண்டிக்கிட்டேன்.”

“நீங்கதானே வேண்டிக்கிட்டீங்க. நீங்க தூக்கியிருக்கலாமே.”

“எந்தத் தலைக்கு வேண்டுனமோ அந்தத் தலதான் மிஸ் தூக்கணும். என் தலையில கொண்டு போனா ஆத்தா வாங்குமா?”

கௌசலா கண்களை மூடித் திறந்தாள். அவளுக்கும் தெரியாத விஷயமில்லை. தனலெட்சுமியின் பக்கம் திரும்பினாள்.

“ஆன்டி, நீங்க இப்பவும் கூண்டுல நிக்கற மாதிரிதான். என்ன பதில் சொல்றதுன்னு நான் உங்ககிட்ட பேசக்கூடாது. தண்ணி குடிங்க.”

அவள் நடந்து போய்விட்டாள். படிக்கட்டுத் திருப்பத்தில் இவர்கள் இருவரும் நின்றார்கள்.

“கையில கயிறு கட்டிருக்கான் பாருங்க,” என்றாள் லோகேஸ்வரி. “இவன் வீட்டுல பால்குடம் தூக்குனதே இல்லையா? தெரிஞ்சுக்கிட்டே கேக்கறான்.”

“அவன் வேலை அது.”

“அடுத்து என்ன கேப்பான், அண்ணி?”

“வலிச்சுதான்னு கேப்பான்.”

லோகேஸ்வரி யோசித்தாள். கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

“வலிக்கலன்னு சொன்னா கழுத்து ஆறிடுச்சுன்னு ஆயிடும்ல? லோரிக்காரன் தப்பிச்சிடுவான். ஆபரேஷனும் போச்சு.”

“ம்.”

“எல்லாம் நான் பண்ணது.”

“விடு.”

கீழே யாரோ பாட்டுப்போல மலாயில் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லோகேஸ்வரி திடீரென்று தலையை நிமிர்த்தினாள்.

“வலிச்சுதுன்னே சொல்லிடுங்க, அண்ணி. ஒரு பொய்தானே. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். அருள் வந்து நடந்தவங்கள பொய் சொல்ல வச்சது நான்தான்னு சொல்லிடறேன். அபராதமா எதாவது செஞ்சுடறேன். நீங்க மூக்க மட்டும் தொடாதீங்க.”

தனலெட்சுமி அவளைப் பார்த்தாள். லோகேஸ்வரியின் கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் அதில் ஒரு பெருமையும் இருந்தது. போன ஆடியிலிருந்து இருக்கும் பெருமை.

*

சின்ன வயதிலிருந்தே தனலெட்சுமி பால்குடம் தூக்குகிறவள். கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொரு ஆடியிலும் ஜெயராஜ் கூடவே நடப்பார். கோயில் வாசலில் அவளை நிறுத்தித் தன் கட்டம் போட்ட துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிவார். முறுக்கிச் சுருட்டி அவள் தலையில் சும்மாடு வைப்பார். பிறகுதான் குடம்.

“பாரம் ஏத்தறதுல ஒண்ணுமில்ல, தனா. பாரத்துக்குக் கீழ என்ன வக்கிறோம், அதான்.”

குடம் ஏறியதும் அவர் அவளுக்குப் பின்னால் போய்விடுவார். அவர் கை அவள் பிடரிக்குக் கீழே வந்து நிற்கும். தாங்குவதில்லை, தள்ளுவதுமில்லை. சும்மா இருக்கும். தார் கொதிக்கும், உறுமி காதை அடைக்கும், அவளுக்கு ஒன்றும் தெரியாது. கோயில் வந்ததும்தான் வந்துவிட்டோமே என்று தோன்றும். அருள் என்றார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். விரதத்தில் குறை இருந்தால்தான் வலிக்கும் என்று பண்டமாரானில் எல்லோரும் சொல்வார்கள். அவள் விரதத்தில் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

அவர் போன பிறகு அவள் தூக்கவில்லை. லோகேஸ்வரியின் வேண்டுதலுக்காகத்தான் மறுபடியும்.

ஒரு மண்டலம் விரதம். லோகேஸ்வரியும் சேர்ந்து இருந்தாள். தரையில் பாய் போட்டு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தார்கள். அண்ணன் செத்ததிலிருந்து பேச்சைக் குறைத்திருந்தவள், அந்த நாட்களில் பழைய லோகேஸ்வரியாகிப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சமைத்தாள்.

ஆடிப்பூரத்தன்று புது மஞ்சள் துணி ஒன்றைச் சுருட்டி லோகேஸ்வரி அவள் தலையில் வைத்தாள். துணி புதுக்கஞ்சியோடு விறைப்பாக இருந்தது. குடம் ஏறியது.

முதல் அடியிலேயே வலித்தது.

சீனன் மருந்துக்கடை வருவதற்குள் இடது கை முழுக்க எரிந்தது. பள்ளிக்கூட வேலி வருவதற்குள் பார்வை இருண்டு இருண்டு வந்தது. அவள் அம்மனை நினைக்கப் பார்த்தாள். முடியவில்லை. பிடரிக்குக் கீழே ஒரு கை வருகிறதா என்று முதுகு தேடிக்கொண்டிருந்தது. பின்னால் காற்றுதான் இருந்தது. அழுகை வந்தது. நிறுத்த முடியவில்லை.

லோகேஸ்வரி அந்தக் கண்ணீரைப் பார்த்தாள். “அண்ணிக்கு வந்துடுச்சு! ஆத்தா வந்துட்டா!” என்று கத்தினாள். நடுரோட்டில் மண்டியிட்டு அவள் பாதங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எழுந்தபோது லோகேஸ்வரி சிரித்தாள். அண்ணன் செத்த பிறகு அப்படி அவள் சிரித்ததே இல்லை.

அதற்குப் பிறகு என்ன சொல்வது? மறுநாள் படுக்கையைவிட்டு எழ முடியாதபோது, விரதம் இருந்த களைப்பு என்றாள். நல்லவேளை, லோகேஸ்வரி அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

*

கூண்டுக்குத் திரும்பியபோது வெயில் ஜன்னல் வழியாகத் தரைக்கு இறங்கியிருந்தது. காணொளியைச் சாட்சியமாகச் சேர்த்துக்கொள்கிறேன், அதன் மதிப்பைப் பிறகு பார்ப்போம் என்றார் நீதிபதி.

கிரிதரன் எழுந்தான். இந்த முறை கேள்வியை நிதானமாகக் கேட்டான். அருள் வந்தவருக்கு வலி தெரியாது என்பது உங்கள் நம்பிக்கை, சரிதானே? சரி என்றாள். விரதத்தைச் சரியாக இருந்தீர்களா? இருந்தேன் என்றாள். அப்படியானால் அன்று வலிக்கவில்லை. அல்லது வலித்தது. எது?

சுகுமாறன் அதைத் தமிழில் சொல்லி முடித்தார்.

தனலெட்சுமி பின்வரிசையைப் பார்க்க விரும்பினாள். கழுத்து திரும்பாது. கம்பியைப் பிடித்தபடி கால்களை மாற்றி வைத்து உடம்போடு திரும்பினாள். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

லோகேஸ்வரி கைகளைக் கூப்பியிருந்தாள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஆத்தாவிடம் முன்கூட்டியே பேசிக்கொண்டிருக்கிறாள். ஆனால் கண் மட்டும் தனலெட்சுமியின் கைகளை விட்டு அகலவில்லை.

வலித்தது என்று சொன்னால் கை கம்பியிலேயே இருக்கும். எழாது. அதை லோகேஸ்வரி பார்ப்பாள். ஒரு ஆண்டாகத் தான் ஊரெல்லாம் சொன்னது என்ன, நடுரோட்டில் தான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது என்ன என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிடும்.

மூக்கைத் தொட்டுக்கொண்டே சொல்லலாம். உண்மையைச் சொல்லிவிட்டு, அவளுக்கு மட்டும் அதைப் பொய்யாக்கிக் கொடுக்கலாம். தனலெட்சுமியின் வலது கை கம்பியில் லேசாக அசைந்தது. பின்னால் எங்கோ ஜெயராஜ் கை தட்டத் தயாராக நிற்பதுபோல் இருந்தது.

நீதிபதி காத்திருந்தார். கிரிதரன் காத்திருந்தான், கோட்டின் கையை இழுத்துக் கயிற்றை மூடியபடி. சுகுமாறன் மலாய்க் கேள்விக்காகக் காத்திருக்கவில்லை. அவள் பக்கம் சற்றுக் குனிந்து, நீதிமன்றத்தில் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சேர்த்துக் கேட்டார்.

“அக்கா, அன்னிக்கு வலிச்சுதா?”